உனக்கு இது போதும்

போன மாதம் ஒரு நாள் களப்பணி முடிந்து வீடு வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. சோறு சூடு பண்ணிக்கொண்டே மொபைலில் பாட்டு ஓடவிட்டிருந்தேன். ஒன்று முடிந்து அடுத்தது தானாக வந்தது. நல்ல உயரமான ஒரு வெள்ளைக்காரர், ஒரு மரப்பெட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோலக் கேட்டது. பாட்டின் மெட்டு தனியாக, தாளம் தனியாக, அடியில் கனமாக ஒரு ஒலி. மூன்றும் ஒரே பெட்டியிலிருந்து வந்தன.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இசை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அதை என் மடியில் வைத்திருந்தேன்.

எட்டாவது படிக்கும்போது வட மாவட்டம் ஒன்றில் ஒரு மிஷன் விடுதியில் இருந்தேன். சனிக்கிழமை மாலை பாட்டு வகுப்பு. ஆர்மோனியம் இரண்டு, கீபோர்டு ஒன்று, வயலின் ஒன்று இருந்தன. முதல் நாள் எங்களை வரிசையில் நிற்கவைத்து, அப்பாவுக்கு என்ன வேலை, எந்த ஊர் என்று வாத்தியார் ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "ஊரா, காலனியா?" என்றார். "காலனி சார்" என்றேன். அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. திட்டவில்லை, தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்தார். எப்போதோ இருந்த அமெரிக்க மிஷனரி அம்மா ஒருவர் விட்டுப் போனதாம்.

"உனக்கு இது போதும்மா. பட்டனை அமுக்கு, கையால ஒரு வழி வழி. பாட்டு தானா வரும்" என்றார்.

அது ஆட்டோஹார்ப். ஆறேழு தந்திகள் அறுந்திருந்தன. மீதிக்கு யாரும் சுருதி சேர்த்ததில்லை. மூன்று பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கிக் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு வாசித்தேன். பாடகர் குழுவில் கடைசி வரிசை. ஆர்மோனியப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். அப்போது எனக்கு வருத்தமில்லை. கையில் ஒரு கருவி கிடைத்ததே என்ற சந்தோஷம்தான். எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது, சாதி என்பது வெறும் மேல் கீழ் அல்ல, படிப்படியாக அடுக்கிய ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதைப் படித்த அன்றுதான் அந்த பீரோ நினைவுக்கு வந்தது. தட்டுத் தட்டாக அடுக்கிய பீரோ. வயலின் மேல்தட்டில், என் பெட்டி அடித்தட்டில்.

காணொளியில் வாசித்தவர் பெயர் பிரையன் பவர்ஸ். 1940இல் பிறந்தவர், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்காரர். அன்று தொடங்கி ஒரு மாதமாக அவரைப் பற்றியும் அந்தக் கருவியைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோஹார்ப் பெயரில்தான் ஹார்ப். உண்மையில் அது ஸிதர் வகையைச் சேர்ந்தது. பெட்டியின் மேல் 36 அல்லது 37 தந்திகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அவற்றுக்குக் குறுக்கே 12, 15 அல்லது 21 பட்டைகள். பட்டைகளின் அடியில் ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கும். ஒரு பட்டையை அமுக்கினால், அந்தச் சுரக்கூட்டுக்கு வேண்டாத தந்திகளின் மேல் துணி உட்கார்ந்து அவற்றை அடக்கிவிடும். வேண்டிய தந்திகள் மட்டும் ஒலிக்கும். என் வாத்தியார் பட்டன் என்று சொன்னது இந்தப் பட்டைகளைத்தான். பட்டன் பாட்டை உண்டாக்கவில்லை, பாதிக்கு மேல் தந்திகளின் வாயைப் பொத்துகிறது என்பது இருபது வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஜெர்மனியிலிருந்து பிலடெல்பியாவில் குடியேறிய சார்லஸ் ஸிம்மர்மன் 1882இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியில் கார்ல் ஆகஸ்ட் குட்டர் என்பவர் செய்த வடிவம்தான் இன்று புழங்கும் கருவிக்கு நெருக்கமானது என்றும் சொல்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், படிக்க வேண்டியதில்லை என்பதுதான் விற்பனைக்காரர்களின் பேச்சு. வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். சியர்ஸ் ரோபக் கம்பெனியின் தபால் விற்பனைப் பட்டியலிலும் வந்தது. பியானோ வாங்க வசதியில்லாத அப்பலாச்சியா மலைக் குடும்பங்களுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பிறகு தொடக்கப்பள்ளி வகுப்பறைகளுக்குப் போனது. டீச்சர் பட்டனை அமுக்குவார், பிள்ளைகள் பாடுவார்கள்.

யாரும் வாசிக்கலாம் என்று விற்ற அதே வாய்கள்தான், வாசிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்றும் சொல்லின. அமெரிக்காவில் அதற்கு "முட்டாள் ஸிதர்" என்று ஒரு கேலிப் பெயரே உண்டு. ஏழை வாங்கக்கூடிய விலையில் ஒரு பொருளைக் கொடுப்பது, பிறகு ஏழை வைத்திருக்கிறான் என்பதாலேயே அதை மட்டமாகப் பேசுவது. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல.

அந்தக் கேலியைப் பொருட்படுத்தாமல் மலைக்காரர்கள் வாசித்தார்கள். எர்னஸ்ட் ஸ்டோன்மன் என்ற தச்சுத் தொழிலாளி 1924இலேயே ஆட்டோஹார்ப்போடு பாடி இசைத்தட்டில் பதிந்தார். 1927இல் பிரிஸ்டல் நகரில் விக்டர் கம்பெனிக்காகப் பாடிய கார்ட்டர் குடும்பத்தில் சேரா கார்ட்டர் வாசித்தது இதுதான். மடியிலும் மேசையிலும் கிடந்த கருவியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, மெட்டையும் அதிலேயே வாசிக்கும் முறையை மேடைகளில் பரப்பியவர் அதே குடும்பத்து மேபெல் கார்ட்டர். 1905இல் பிறந்த கில்பி ஸ்நோ இடக்கைக்காரர். கருவியோ வலக்கைக்காரர்களுக்குச் செய்தது. அவர் தன் கைக்கு ஏற்ற ஒரு வழியைக் கண்டுபிடித்தார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போகும் அவருடைய சுரங்கள் வலக்கைக்காரர்களுக்கு எளிதில் வராதவை. மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் இவர்களைத் தேடிப் போய் ஒலிப்பதிவு செய்து, 1962இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியே ஒரு இசைத்தட்டாக்கினார்.

பவர்ஸ் இவர்களுக்கு அடுத்த தலைமுறை. சியாட்டில் நகரத் தெருக்களில் பாடியவர். மதுக்கடைகளில் வாசித்துவிட்டுத் தொப்பியை நீட்டிக் காசு வாங்கியவர். 1971இல் ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு கிழக்கே போனார். அங்கே இவர் வாசிப்பைக் கேட்ட தில்லர்ட்ஸ் என்ற இசைக்குழுவினர், வர்ஜீனியாவில் பெர்ரிவில் என்ற ஊரில் நடந்த புளூகிராஸ் விழாவுக்குத் தங்களோடு அழைத்துப் போனார்கள். அங்கிருந்து அவர் பெயர் பரவியது. 1977இல் முதல் இசைத்தட்டு வந்தது. பிறகு ஃப்ரெட்ஸ் என்ற இசை இதழ் தன் மேதைகள் வரிசையில் அவரைச் சேர்த்தது. அதே வரிசையில் வயலின் மேதை இட்சாக் பெர்ல்மனும் இருந்தார். என் விடுதி பீரோவின் மேல்தட்டும் அடித்தட்டும் ஒரே தட்டில் வந்து நின்றதுபோல இருந்தது அதைப் படித்தபோது.

அப்படி என்ன செய்தார்? முதலாவது, கையால் வழிப்பதை விட்டுவிட்டு ஐந்து விரல்களுக்கும் தனித்தனி வேலை கொடுத்தார். கட்டை விரல் கனத்த தந்திகளில் நடக்கும்போதே மற்ற விரல்கள் மெட்டையும் இடைச் சுரங்களையும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது இதைவிட முக்கியமானது. கருவியின் சுருதி அமைப்பையே மாற்றிக்கொண்டார். கடையில் வாங்கும் ஆட்டோஹார்ப்பில் பல ஸ்கேல்களின் சுரங்களும் கலந்து கிடக்கும். பட்டை எழும்பியிருக்கும்போது வழித்தால் சத்தம் முட்டிக்கொள்ளும். பவர்ஸ் ஒரே ஸ்கேலுக்குரிய சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, தந்திகளை இரட்டை இரட்டையாகச் சேர்த்தார். இப்போது பட்டையை எடுத்துவிட்டாலும் பகை இல்லை. எந்தத் தந்தியையும் பொத்தாமல் அப்படியே ஒலிக்கவிடலாம். அவர் வாசிப்பில் ஓர் ஆள் ஒரு கூட்டமாகக் கேட்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் காரணம்.

நான் இதைப் படித்ததும், அடக்கி வைத்து இசைவு காட்டிய கருவியை அடக்காமலே இசைய வைத்தார் என்று டைரியில் எழுதினேன். மறுநாள் அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த ஸ்கேலில் சேராத சுரங்களை அவர் பொத்தவில்லை, பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டார். அதனால்தான் வேறு வேறு ஸ்கேல்களுக்கு வேறு வேறு ஆட்டோஹார்ப்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இசைக்கு அது சரி. சமூகத்துக்கு அதை உவமையாக்கினால் ஆளுக்கொரு தனித் தெரு என்றுதான் ஆகும். அந்த ஏற்பாட்டில் நாம் ஏற்கெனவே குடியிருக்கிறோம்.

பவர்ஸைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி வேறு. சின்ன வயதில் வயல் வேலைக்காரர்கள் பின்னாலும், ரயில் தண்டவாளத்தைச் சீர்செய்யும் தொழிலாளர்கள் பின்னாலும் சுற்றித் திரிந்து, ஒருவர் பாட மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடும் வேலைப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டதாக அவருடைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. தண்டவாளத் தொழிலாளர்களுக்கு அங்கே கேண்டி டான்ஸர்கள் என்று பெயர். அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் அவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். ஒருவர் பாடுவார், மற்றவர்கள் கடப்பாரையை ஒரே நேரத்தில் நெம்பி, விலகிய தண்டவாளத்தை நேராக்குவார்கள். பாட்டு தவறினால் நெம்புகோல் தவறும். அந்தப் பாட்டைப் பாடியவர்களின் பெயர்கள் எந்த மேதைகள் வரிசையிலும் இல்லை. குறைந்தது, அவர்களிடமிருந்துதான் தொடங்கினேன் என்று இவராவது சொன்னார்.

எல்லாரும் அப்படிச் சொல்லவில்லை. கார்ட்டர் குடும்பத்தின் கதையில் லெஸ்லி ரிடில் என்று ஒரு கறுப்பினக் கலைஞர் வருகிறார். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். துப்பாக்கி விபத்து ஒன்றில் வலக்கையின் இரண்டு விரல்களையும் இழந்தவர். மிச்சமிருந்த விரல்களை வைத்தே கிடார் வாசிக்கத் தனக்கென ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார். ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தபோது கூடவே போனவர் இவர். கார்ட்டர் பாட்டின் சொற்களை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் பதித்துக்கொண்டு வருவார். மேபெல் கார்ட்டரின் புகழ்பெற்ற கிடார் வாசிப்பில் இவருடைய பங்கு உண்டு. ஜிம் குரோ சட்டங்கள் நடப்பில் இருந்த காலம். கறுப்பருக்குத் தனி இருக்கை, தனிக் குழாய். சேகரித்த பாட்டுகளின் காப்புரிமை ஏ.பி. கார்ட்டரின் பெயரில் பதிவானது. இசைத்தட்டுகளில் ரிடிலின் பெயர் இல்லை. 1960களில் மைக் சீகர் தேடிக் கண்டுபிடித்து ஒலிப்பதிவு செய்யும்வரை அவர் யாரென்று வெளியே தெரியாது. அவருடைய பாட்டுகள் தனி ஆல்பமாக வந்தது 1993இல். அப்போது அவர் உயிரோடு இல்லை. அதே 1993இல்தான் பவர்ஸின் பெயர் ஆட்டோஹார்ப் கலைஞர்களுக்கான புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது.

இரண்டு பேரும் தெற்கத்திக்காரர்கள். இரண்டு பேரும் தங்கள் கைக்கு ஏற்ற ஒரு முறையை உண்டாக்கியவர்கள். ஒருவருக்கு வேன் இருந்தது, எந்த ஊரிலும் இறங்கி வாசிக்கலாம், தொப்பியை நீட்டலாம். இன்னொருவர் எந்தக் கதவு வழியாக நுழைவது என்று யோசித்துத்தான் ஊருக்குள் போக வேண்டும். திறமை இருந்தால் மேலே வந்துவிடலாம் என்று நமக்குப் பாடம் எடுப்பவர்களிடம் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும். பவர்ஸின் மேதைமையை இது குறைக்காது. ரிடிலுக்குத் திறமை குறைவாக இருந்ததால்தான் பெயர் வரவில்லை என்ற பொய்யை மட்டும் குறைக்கும்.

என் தாத்தா பறை அடித்தவர். "ரெண்டு குச்சிய வச்சி அடிக்கிறதுதானே, அதுல என்ன வித்தை?" என்று ஊர்க்காரர்கள் அவர் முன்னாலேயே சொல்வார்களாம். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, இன்னொரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, நெருப்பில் காட்டிக் காட்டித் தோலைச் சுருதிக்குக் கொண்டுவரும் பக்குவம், சாவுக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று என்று வேறு வேறு அடிகள். சொன்னவர்கள் யாரும் அந்தக் குச்சியைத் தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டால் தீட்டு. தொடாமலே எளிது என்று எப்படித் தெரிந்தது? ஆட்டோஹார்ப் எளிது என்று சொன்ன என் வாத்தியாரும் அதை ஒரு நாளும் மடியில் வைத்து வாசித்துப் பார்த்தவரில்லை. கருவியை அவர் எடை போடவே இல்லை. என்னைத்தான் எடை போட்டார்.

"ஒரு கருவியின் சாத்தியங்களை விரிவாக்கியவர்" என்று பவர்ஸைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு சந்தேகம் உண்டு. 36 தந்தியும் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தன. கருவிக்கு வெளியே நின்று "இதில் இவ்வளவுதான்" என்று சொன்னவர்களின் கணக்குத்தான் சிறியதாக இருந்தது.

இதோடு முடித்திருந்தால் என் வாத்தியாரைக் குறைசொல்லும் கட்டுரையாக இது நின்றுபோயிருக்கும். ஆனால் அந்தக் காணொளி வந்த அன்றைய பகலைப் பற்றி இன்னும் நான் சொல்லவில்லை.

அன்று மாலை நான் வேலை பார்க்கும் காலனியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், அப்பா இல்லை. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. கணிதம் படிக்க வேண்டும் என்றாள். கல்லூரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அதே தெருவிலிருந்து முன்பு கல்லூரிக்குப் போன இரண்டு பெண்கள் முதல் வருடத்திலேயே நின்றுபோனது எனக்கு நினைவிருந்தது. லேப் டெக்னீஷியன் டிப்ளமா சேர்ந்தால் சீக்கிரம் வேலை, கையில் காசு, அம்மாவுக்கு ஒத்தாசை என்று எடுத்துச் சொன்னேன். அவள் தலைகுனிந்து நின்றாள். நான் எழுந்திருக்கும்போது அவள் தோளைத் தட்டி, "யோசிச்சுப் பாரும்மா, உனக்கு இது போதும்" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சோறு சூடு பண்ணினேன்.

என் வாத்தியாரைப் போலவே நானும் அன்பாகத்தான் சொன்னேன். ஊரா காலனியா என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, நான் போய் நின்றதே காலனியில்தான். லேப் டெக்னீஷியன் படிப்பில் எந்தக் குறையும் இல்லை. அதை விரும்பிப் படித்துத் தலைநிமிர்ந்து நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆட்டோஹார்ப்பிலும் குறை இருக்கவில்லை. குறை "போதும்" என்ற சொல்லில் இருந்தது. அறுந்த தந்தியை மாற்றாமல், சுருதி சேர்க்காமல், இதை நெஞ்சில் வைத்து இப்படியும் வாசிக்கலாம் என்று காட்டாமல், கையில் கொடுத்த கணத்திலேயே கதவைச் சாத்திவிடும் சொல் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். அம்மா வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். அவள் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் தப்பா பேசிட்டேன்ம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "பணம்தான் பிரச்சனைன்னா அதைப் பேசுவோம்க்கா. தூரம்தான்னா அதைப் பேசுவோம். எனக்கு எது போதும்னு நீங்க ஏன்க்கா சொல்றீங்க? நீங்க எம்.ஏ. படிச்சீங்கதானே?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பணத்தையும் தூரத்தையும் பேசினோம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு பேருந்து மாற வேண்டும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் கேட்கலாம். முதல் வருடத்தில் நின்றுபோன அந்த இரண்டு பெண்களும் ஏன் நின்றார்கள் என்று அவர்களிடமே நான் இதுவரை கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வீட்டுக்கும் போக வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது மொபைலில் அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "இதுல எத்தனை தந்திக்கா?" என்றாள். "முப்பத்தாறு" என்றேன். "விரல் அஞ்சுதானே" என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள்.

விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இடம் கிடைக்குமா, கிடைத்தால் மூன்று வருடமும் தாக்குப்பிடிப்பாளா என்பதெல்லாம் இனிமேல்தான். வருமானச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் வட்டாட்சியர் அலுவலகம் போகிறோம்.